புதன்கிழமை ஊசியும் வேலைக்குப் போகும் தாயும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஆற்றங்கரையிலிருந்து எங்களை எடுத்துக் கொண்டுவந்து குடிவைத்த எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில், சென்னைக்குத் தெற்கே இருக்கிறோம். நான் மகளிர் குழுவில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் பிளாக்கில் நிறையக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி பாதியில் நிற்கிறது. நர்ஸம்மா கேட்டுக்கொண்டதால் நாங்கள் சிலர் வீடு வீடாகப் போய் அட்டையை வாங்கிப் பார்த்தோம். வேண்டவே வேண்டாம் என்று சொன்னது இரண்டு வீடுதான். மற்றவர்கள் எல்லாரும் "போடணும்க்கா, அடுத்த வாரம் போறேன்" என்கிறார்கள், ஆனால் போவதில்லை. கூட்டம் போட்டும் பேசிவிட்டோம், பலன் இல்லை. போடாதவர்கள் பெயரை லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். சிலர், போட்டவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்கிறார்கள். எது சரி? இன்னொன்று: என் தம்பி மகளுக்கு 3 வயது. 105-ஆம் நாள் ஊசியோடு நின்றுவிட்டது. இனிமேல் போட முடியுமா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியல். தயவுசெய்து ஒட்டாதீர்கள். பெயர் வந்த தாய் அவமானப்படுவாள். நர்ஸம்மா வரும் நாளில் கதவைச் சாத்திக்கொள்வாள். அடுத்த குழந்தை பிறக்கும்போதும் உங்களிடம் வரமாட்டாள். அதைவிடப் பெரிய தப்பு, அந்தப் பட்டியல் உண்மையைச் சொல்லாது. ஊசிக்கு எதிரானவர்கள் உங்கள் பிளாக்கில் நிறைந்திருப்பது போலக் காட்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம் என்றது இரண்டு வீடுதான். மற்ற அத்தனை பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே பல முறை வந்தவர்கள். வந்தவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று பார்த்தால்தான் வழி கிடைக்கும்.

அட்டைகளை இன்னொரு முறை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். பிறந்ததும் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), முதல் சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் பிரசவ ஆஸ்பத்திரியின் முத்திரையோடு இருக்கும். 45, 75, 105 நாள் கட்டங்களில் தேதி இருக்கும், வேறு வேறு கையெழுத்தில். ஒன்பதாம் மாதக் கட்டத்துக்கு வந்தால், வரவேண்டிய தேதி மட்டும் பென்சிலில் இருக்கும், போட்ட தேதி இருக்காது. அதற்குக் கீழே எல்லாம் வெள்ளை. அட்டை மட்டும் பத்திரமாக ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். ஊசியில் அக்கறை இல்லாத தாய் அட்டையை இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பாளா?

கட்டம் வெள்ளையாவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடப்பதால் பிறந்த அன்றைய ஊசிகள் தவறுவதில்லை. அடுத்த மூன்று மாதமும் பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருக்கிறாள். வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ அவள் அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். 105-ஆம் நாளுக்கு அப்புறம் ஒன்பதாம் மாதம் வரைக்கும் பெரிய ஊசி எதுவும் இல்லை. ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி. அந்த ஆறு மாதத்துக்குள் அவள் உங்கள் குடியிருப்புக்குத் திரும்பிவிடுகிறாள், கையில் காசு தீர்ந்து வேலைக்கும் போக ஆரம்பித்துவிடுகிறாள். பழைய ஏரியா நர்ஸம்மா கணக்கில் அவள் "ஊரை விட்டுப் போனவள்". உங்கள் ஏரியா நர்ஸம்மா கணக்கில் அவள் இன்னும் வந்து சேரவே இல்லை. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை காணாமல் போகிறது.

கிராமத்தைவிட நகரத்தில் ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று பலரும் கேட்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாக ஊசி போட்டவர்கள் நாடு முழுக்கக் கிராமத்தில் 76.8 சதவீதம், நகரத்தில் 75.5. நகரம்தான் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. அந்த நகரக் கணக்கில் வசதியான அண்ணா நகர்க் குழந்தையும் உண்டு, உங்களைப் போல இடம் மாற்றிக் குடிவைத்த கண்ணகி நகர்க் குழந்தையும் உண்டு. கிராமத்து நர்ஸம்மாவுக்கு எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது தெரியும். நகரத்தில் 10,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் அரசு வகுத்திருக்கும் அளவு. அதில் பலர் வாடகைக்கு வந்து போகிறவர்கள். நர்ஸம்மா கோபப்படுகிறார் என்று உங்கள் பெண்கள் சொன்னால், அவர் தலையில் இருக்கும் சுமையையும் நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் என்றால் புதன்கிழமை. உங்கள் பிளாக் பெண்களில் பலர் வீட்டு வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் ஐடி கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங். வீட்டு வேலையில் ஒரு நாள் லீவு போட்டால் முதலாளியம்மா முகம் மாறும், அடுத்த மாதம் வேறு ஆள் வந்துவிடும். கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் செய்கிறவளுக்கு அன்றைய சம்பளம் போச்சு. காலையில் ஹெல்த் சென்டருக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து, ஊசி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. அன்று ராத்திரியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 45, 75, 105 நாட்களில் போடும் பெண்டாவேலன்ட் ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது. அதிலும், அவற்றில் முதல் மூன்றுக்கு ஒன்றரை வயதில் போடும் டிபிடி பூஸ்டரிலும் (ஊக்கத் தவணை) உள்ள கக்குவான் மருந்தால் பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், தொட்டாலே அழும். ஒற்றை அறை வீட்டில் குழந்தை ராத்திரி பூராவும் அழுதால் அப்பனுக்கும் தூக்கம் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மூத்ததுக்கும் இல்லை. தாய் விடிவதற்கு முன்னே எழுந்து தண்ணீர் பிடிக்க வேண்டும். மறுநாள் காய்ச்சல் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனசு வராது. ஆக, இலவச ஊசிக்காக அவள் இரண்டு நாள் கூலியை இழக்கிறாள். மாமியாரோ, "நல்லா விளையாடிக்கிட்டிருந்த புள்ளைய ஊசி போட்டு படுக்க வெச்சிட்டே" என்பார். "அடுத்த வாரம் போறேன்க்கா" என்று உங்களிடம் சொன்னவள் பொய் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அவளுக்கு அதே புதன்கிழமைதான் வருகிறது.

அதனால் இனிமேல் கூட்டத்தைக் குறைத்து, அந்த நாளை அவளுக்கு எப்படி இலேசாக்குவது என்று பாருங்கள். ஊசி போடத் தாயே வர வேண்டும் என்று சட்டம் இல்லை. குழந்தையின் உடம்பைப் பற்றித் தெரிந்த பெரியவர் யார் வேண்டுமானாலும் அட்டையோடு கூட்டி வரலாம். பாட்டி, அத்தை, தாய் நம்பி அனுப்பும் பக்கத்து வீட்டு அக்கா, யாரானாலும் சரி. முந்தின வாரம் காய்ச்சல் இருந்ததா, போன ஊசிக்கு உடம்பு என்ன செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் குழுவில் அன்று வேலை இல்லாத இரண்டு பேர் புதன்தோறும் நான்கைந்து குழந்தைகளையும் பாட்டிகளையும் சேர்த்துக் கூட்டிப் போனாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆட்டோச் செலவும் பங்காகிவிடும்.

சேர்ந்து போவதில் இன்னொரு லாபம் உண்டு. ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தையும் பிசிஜியையும் கலந்த பிறகு 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். அதனால் ஒரே ஒரு குழந்தை வந்தால் குப்பியைத் திறக்கத் தயங்கி "அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே அரசு விதி. மருந்து வீணாவதைவிடக் குழந்தை திரும்பிப் போவது பெரிய நஷ்டம். சம்பளத்தை விட்டு வந்தவளை ஒரு தடவை திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வருவது கஷ்டம். இதை மருத்துவ அலுவலரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்படியே ஒரு மனுவும் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோ ஒரு மாலை நேரமோ, உங்கள் குடியிருப்பின் அங்கன்வாடியிலேயே ஊசி முகாம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "முகாம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்த பிளாக், எத்தனை குழந்தை, யாருக்கு எந்த ஊசி பாக்கி என்ற பட்டியலை இணைத்துக் கொடுங்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட நினைத்த அதே பட்டியல்தான், போய்ச் சேர வேண்டிய இடம் அது. பட்டியலோடு வரும் மனுவை அலுவலர் ஒதுக்கி வைப்பது கடினம். மருந்து எத்தனை குப்பி எடுக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்துவிடும். முகாம் தேதி முடிவானால் எந்தக் காரணத்துக்காகவும் அதை மாற்றவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் பரிசுக் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் 134 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். எதுவும் செய்யாத கிராமங்களில் முழுமையாக ஊசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39. பருப்புக்காகப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள் என்று கேவலமாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவளுக்கு, வீட்டுக்குப் போகும்போது கையில் ஏதோ இருக்கிறது என்பது நியாயமான விஷயம். ஆனால் தேதி மாறாத முகாம் மட்டுமே அந்த எண்ணிக்கையை மூன்று மடங்காக்கியதையும் பாருங்கள். முகாமே ஒழுங்காக நடக்காத இடத்தில் பரிசு கொடுத்துப் பயன் இல்லை.

உங்கள் குழுவால் முடிந்தால் கொடுங்கள். ஒரு கிலோ பருப்போ, அரை டஜன் முட்டையோ, தாய்க்கு அன்றைய மதியச் சாப்பாடோ. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். "இவள் முன்னாடியே போட்டுவிட்டாளே, இவளுக்கு எதற்கு" என்ற பேச்சு வரவிடாதீர்கள். அதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாய் உதவியில் பிரசவத்துக்குப் பிந்திய தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. உங்கள் பிளாக்கில் எத்தனை பேருக்குக் கடைசித் தவணை வராமல் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஊசி போட்டும், வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ ஏதாவது எழுத்துப் பிழையால் பணம் வராத பெண்கள் இருந்தால், ஆர்சிஎச் எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் அவர்களோடு போங்கள். ஒருத்திக்குப் பணம் வந்து சேர்ந்தால் உங்கள் பேச்சை பிளாக் முழுக்கக் கேட்பார்கள்.

காய்ச்சல் விஷயத்தை ஊசிக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். பயந்துவிடுவார்கள் என்று மறைப்பது தப்பு. "இன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், அழலாம், நாளை மறுநாளுக்குள் சரியாகிவிடும்" என்று முன்கூட்டியே கேட்டவள் பயப்படமாட்டாள். கேட்காதவள்தான் நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள், அதோடு ஊசியையும் விட்டுவிடுவாள். பாராசிட்டமால் மருந்து குழந்தையின் எடைக்கு ஏற்ப எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று நர்ஸம்மாவிடமே கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கட்டும். ஊசி போட்ட இடத்தில் சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து வைக்கலாம். தேய்க்கக் கூடாது, சூடு ஒத்தடம் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். பிசிஜி போட்ட கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும், அது நல்ல அறிகுறிதான், எதையும் தடவ வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று மாலை உங்கள் குழுவில் ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி "பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வரட்டும். ஊசிக்கு முன்னால் பத்துத் தடவை கூப்பிடுவதைவிட, ஊசிக்குப் பின்னால் ஒரு தடவை கேட்பது அடுத்த ஊசிக்குக் கூட்டி வரும்.

சளி, இலேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஊசி போடக் கூடாது என்று நம்முடைய ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போடலாம். உங்களைப் போன்ற நெருக்கமான குடியிருப்பில் சளி இல்லாத குழந்தைக்காகக் காத்திருந்தால் வருஷமே போய்விடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு உடம்பு முடியாமல் இருந்தால்தான் தள்ளிப்போட வேண்டும்.

வடக்கிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்களே, அவர்களையும் பட்டியலில் சேருங்கள். பீகாரிலோ ஒடிசாவிலோ கொடுத்த அட்டை இங்கேயும் செல்லும். அட்டையே இல்லாவிட்டாலும் ஊசி உண்டு. ரேஷன் கார்டோ உள்ளூர் முகவரியோ இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. யூ-வின் என்ற அரசின் இணையவழித் தடுப்பூசிப் பதிவு வந்த பிறகு, ஓர் ஊரில் போட்ட ஊசியின் விவரத்தை இன்னோர் ஊரில் பார்க்க முடிகிறது. ஊர் மாறிய உங்கள் பெண்களுக்கும் இது உதவும். தாயின் கைபேசி எண் மாறியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள். பழைய எண்ணுக்குப் போகும் நினைவூட்டல் யாருக்கும் பயன்படாது.

இனி அந்த இரண்டு வீடு.

அவர்களோடு வாதம் செய்யாதீர்கள். ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வீட்டில் 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி இன்னும் இருக்கலாம். இன்னொரு வீட்டில் பாட்டிக்கு வேறு ஞாபகம் இருக்கலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அது நடந்தது உண்மை. "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை" என்று நீங்கள் சொன்னால் அந்தப் பாட்டி உங்களை ஒருநாளும் நம்பமாட்டார். நடந்தது என்று ஒப்புக்கொண்டு, இப்போது என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாத, தானே பூட்டிக்கொள்ளும் ஊசி, கலந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதி வைப்பது, போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையைக் கண்ணெதிரில் உட்கார வைப்பது. இவற்றை அந்தப் பாட்டியே வந்து நேரில் பார்க்கட்டும். குப்பியில் எழுதிய நேரத்தை நர்ஸம்மா அவருக்குக் காட்டட்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில காலம், தமிழ்நாட்டில் ஊசி போடுவது டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களோடு சுருங்கியது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான், ஆனால் தாய்க்கு நடை கூடிப்போனது. முன்பு சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வின் 2005-06 கணக்கில் முழுமையாக ஊசி போட்ட குழந்தைகள் இங்கே ஏறக்குறைய 81 சதவீதம், நாட்டிலேயே முதல் இடம். 2015-16-இல் அது 70-க்கு இறங்கிப்போனது. 2019-21-இல் 89-க்கு ஏறியது. அந்த இறக்கத்துக்குத் தூரமும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டுத் தாய்மார்கள் நடுவில் பத்து வருஷம் அக்கறை இழந்துவிட்டு மறுபடி பெற்றுக்கொண்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மறுக்கிற வீட்டுக்கு யார் போவது என்பதும் முக்கியம். ஹரியானாவில் நடந்த ஆய்வொன்றில், ஊர்க்காரர்களிடமே "இந்த ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் கைகாட்டிய ஆட்கள் மூலம் முகாம் செய்தியைப் பரப்பினார்கள். நல்ல பலன் கிடைத்தது. உங்கள் பிளாக்கிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் குழுத் தலைவியாக இருக்காது. தரைத்தளத்தில் இட்லிக் கடை போடும் அக்காவாகவோ, தண்ணீர் லாரி வரும் நேரத்தை எல்லாருக்கும் சொல்கிறவராகவோ இருக்கும். அவரை முதலில் பிடியுங்கள்.

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் 2022-இன் கடைசி மாதங்களில் மும்பையில் நடந்ததுதான். கோவண்டி என்ற நெருக்கடியான பகுதியில் தட்டம்மை பரவி, குழந்தைகள் இறந்தார்கள். கொரோனா காலத்தில் ஊசி தவறிய பிள்ளைகள் அங்கே நிறைய. தட்டம்மைக் கிருமி, நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். வெளிச்சமும் காற்றும் குறைந்த உங்கள் பிளாக் நடைபாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடியில் ஒரு குழந்தைக்கு வந்தால் ஊசி போடாத குழந்தைகளில் ஏறக்குறைய யாரும் தப்ப முடியாது. நூற்றில் 95 குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். அம்மை இறங்கியதும் தீர்ந்தது என்று நாம் வேப்பிலை எடுத்துவிடுகிறோம். உடம்பு மற்ற நோய்களோடு போராடக் கற்று வைத்திருந்ததையும் தட்டம்மை அழித்துவிட்டுப் போகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் அந்தப் பிள்ளைக்கு நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வரும். ஏற்கெனவே எடை குறைந்த குழந்தை அதில் எழுந்திருப்பது கடினம்.

கடைசியாக உங்கள் தம்பி மகள். தாராளமாகப் போடலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. போட்ட ஊசி எதுவும் வீணாவதில்லை. எத்தனை மாதம் இடைவெளி விழுந்திருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இதை உங்கள் பிளாக் முழுக்கச் சொல்லுங்கள். "லேட் ஆயிடுச்சு, இப்ப போனா திட்டுவாங்க, எல்லாத்தையும் மறுபடி போடுவாங்க" என்ற பயத்திலேயே வராமல் இருக்கும் தாய்மார்கள் நிறைய.

குழந்தைக்கு 3 வயது என்பதால் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, ஒன்றரை வயதில் போட்டிருக்க வேண்டிய டிபிடி பூஸ்டர், சொட்டு மருந்து இவற்றை ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். வைட்டமின் ஏ திரவமும் கேட்டு வாங்குங்கள். நான்கு வாரம் கழித்துத் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை. 5 வயது முடிவதற்குள் இதையெல்லாம் போட வழி இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். 5-6 வயதில் இன்னொரு டிபிடி பூஸ்டர் வரும். வேறு ஏதாவது பாக்கி இருந்தால் அட்டையைப் பார்த்து நர்ஸம்மா சொல்வார். அட்டை தாய்வீட்டில் இருக்கிறது என்றால் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வருகிற புதன்கிழமை அம்மா வேலைக்குப் போகட்டும், நீங்களே குழந்தையைக் கூட்டிப் போய்விடுங்கள்.